சூரமங்கலம் சந்திப்பு – 11: பினாங்கிலிருந்து வந்த கைப்பக்குவம்

சென்ற இதழில் கஞ்சமலை இரும்பு ஊரைவிட்டுப் போன கதையைப் பார்த்தோம். சேலத்துத் தாதுவை நம்பி ஹீத் துரை பரங்கிப்பேட்டையில் தொடங்கிய தொழில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே, இங்கிலாந்தில் செய்த தண்டவாளம் கப்பலில் வந்து கஞ்சமலைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. 1860களின் தொடக்கத்தில் சூரமங்கலத்தில் ரயில் நிலையம் வந்தது இப்படித்தான். இரும்பு மலை பார்த்துக்கொண்டிருக்க, அயலூர் இரும்பில் பாதை.

இந்த வாரக் கதை எதிர்த் திசையில் போகிறது. இதில் கடல் கடந்து வந்தது ஒரு கைப்பக்குவம். அது வந்து சேர்ந்த நேரம் உலக வணிகம் செழித்திருந்த நேரமல்ல, அறுந்து கிடந்த நேரம். பொருளாதாரப் புத்தகங்களுக்கு இது கொஞ்சம் இடக்கான கதை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். கல்யாணப் பந்தியில் பாயசத்தில் கண்ணாடி மணிபோல மிதக்கும் ஜவ்வரிசியை அரிசி என்று அழைக்கிறோம். அது நெல்லில் விளைவதில்லை. மலாய்த் தீவுகளில் பனையை ஒத்த ஒரு மரத்தின் தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை அரைத்து எடுக்கும் மாவுக்கு அங்கே ‘சாகு’ என்று பெயர். நம்மவர்கள் அதை வாங்கி, உருண்டு திரண்டிருந்ததால் அரிசியைச் சேர்த்து, சவ்வரிசி ஆக்கினார்கள். அது பிறகு ஜவ்வரிசி ஆனது. சேலத்துக்காரர்கள் மட்டும் இன்றைக்கும் ‘சேகோ’ என்கிறார்கள். சேகோ மில், சேகோ மூட்டை, சேகோ லாரி. ஊரில் அந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. பெயர் மட்டும் மலாய் நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிவிட்டது.

சேலத்து சேகோ மரவள்ளிக் கிழங்கில் செய்வது. இந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்போம். அதுவும் வந்தேறிதான். தென்னமெரிக்காவில் பிறந்து, போர்த்துகீசியர் கப்பலில் மலையாளக் கரைக்கு வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பஞ்சத்துக்குக் காப்பு என்று மக்களிடையே பரப்பினார். மழை பொய்த்தாலும் மண் மெலிந்தாலும் மண்ணுக்குள் ஏதாவது ஒன்று திரண்டுவிடும் என்பது அதன் பெருமை. 1876 – 78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாட்டை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்ட மண்ணில் இப்படியொரு கிழங்கு இடம் பிடித்ததில் வியப்பில்லை. ஆனால் அது வெகுகாலம் வெறும் கிழங்காகவே இருந்தது. வேகவைத்துத் தின்பது, காயவைத்து இடிப்பது, அதோடு சரி. பாயசத்துக்கு வேண்டிய ஜவ்வரிசி பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்தது. அங்கேயும் பனை மாவு போதாமல், அதே மரவள்ளிக் கிழங்கை அரைத்து மணி உருட்டத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

அதாவது, ஒரே கிழங்கு இரண்டு கரையிலும் விளைந்தது. அக்கரையில் அதை மணியாக்கத் தெரிந்திருந்தது. இக்கரையில் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். டேவிட் ரிக்கார்டோவின் பாடப்படி பார்த்தால் சேலம் தனக்கு வருவதை விளைத்து விற்று, பினாங்கு மணியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். 1941 வரை அப்படித்தான் நடந்தது. யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமானது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் போயின. மூன்று மாதத்துக்குள் வங்கக் கடலின் கிழக்குக் கரை முழுவதும் பூட்டிய வீடு ஆகிவிட்டது. பர்மா அரிசி நின்றதால் ஏற்பட்ட அவதியைத் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூடவே நின்றுபோன சில்லறைச் சாமான்களில் ஜவ்வரிசியும் ஒன்று. கஞ்சிப் பசைக்கும் கஸ்டர்டு மாவுக்கும் ஆகிவந்த அமெரிக்க மக்காச்சோள மாவும் வரத்துக் குறைந்தது. துணி ஆலைகளுக்குப் பாவு நூலுக்குப் போடக் கஞ்சி வேண்டும். போர்க்காலத்தில் துணி ஆலை நிற்க முடியுமா?

இந்த இடத்தில்தான் சேலம் மாணிக்கம் செட்டியார் வருகிறார். தொழில் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு இது. செட்டியார் மீன் வியாபாரி. வியாபார நிமித்தம் அடிக்கடி மலையாளத்துக்குப் போய் வருபவர். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த பொபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். ஷாவுக்கு மரவள்ளியிலிருந்து மாவும் மணியும் எடுக்கும் வித்தை தெரியும். செட்டியாருக்குச் சேலத்துக் கிழங்கும் சந்தையும் தெரியும். இருவரும் சேர்ந்து 1943-ல் சேலத்தில் தொழிலைத் தொடங்கினார்கள்.

மலேயாவில் கற்ற ஒரு குஜராத்தி, மலையாளக் கரையில் ஒரு தமிழ் மீன் வியாபாரியைச் சந்தித்து, பிரேசில் கிழங்கில் சேலத்துத் தொழிலை உண்டாக்குகிறார். உலகமயம் என்ற சொல் தமிழில் புழங்குவதற்கு ஐம்பது ஆண்டு முந்தைய சங்கதி இது. சரக்கு வருவது நின்றுபோனதால்தான் அந்தத் தலைக்குள் இருந்த பக்குவத்துக்கு இங்கே விலை ஏற்பட்டது. கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் ஷாவின் வித்தையைச் சேலத்தில் யார் சீண்டியிருப்பார்கள்?

அந்தப் பக்குவம் என்ன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். கிழங்கின் மேல்தோலைச் சீவிக் கழுவ வேண்டும். பிறகு துருவி, தண்ணீர் விட்டு அரித்து, துணியில் வடிக்க வேண்டும். வடிந்த பால் தொட்டியில் நிற்கும். இரவெல்லாம் நின்றால் மாவு அடியில் படிந்து கட்டியாகிவிடும். மேல்தண்ணீரை இறுத்துவிட்டு அந்த ஈர மாவை வெட்டியெடுத்து உதிர்க்க வேண்டும். இனிமேல்தான் வித்தை. உதிர்த்த மாவைச் சாக்குத் துணியில் போட்டு, இரு முனையையும் பிடித்துத் தொட்டில்போல ஆட்ட வேண்டும். ஈரம் கூடினால் கூழாகும், குறைந்தால் தூளாகவே கிடக்கும். சரியான பதத்தில் ஆட்டினால் மாவு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மணி மணியாகத் திரளும். அப்புறம் சலித்து, எண்ணெய் தடவிய சூடான தட்டில் புரட்டி, களத்தில் காயவைக்க வேண்டும். சாக்கை ஆட்டும் அந்தப் பதம்தான் பினாங்கிலிருந்து வந்தது. திப்பி என்ற சக்கை மாட்டுக்குப் போகும். எதுவும் வீணாவதில்லை, தண்ணீரைத் தவிர. தண்ணீரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நாளுக்கு 100 கிலோ மூட்டை இரண்டு தேறியதாம். 1944-ல் வெங்கடாசலக் கவுண்டர் என்ற சேலத்து மெக்கானிக் துருவவும் சலிக்கவும் உள்ளூரிலேயே இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். இரண்டு மூட்டை இருபத்தைந்து மூட்டை ஆயிற்று. இந்தத் தொழிலைப் பற்றி எழுதுபவர்கள் செட்டியாரையும் ஷாவையும் சொல்லிவிட்டு மெக்கானிக்கை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அவர்தான் பெரிய ஆள். வெளியூர் வித்தை உள்ளூர் வித்தையாக மாறியது அவருடைய பட்டறையில்தான்.

அதே ஆண்டு ஓர் உத்தரவு வந்தது. நாடெங்கும் பஞ்சம். கிழங்கு உணவுப் பொருள், அதைக் கிழங்காகவே தின்ன வேண்டும், மாவாக்கி வீணாக்கக் கூடாது, ஜில்லாவைவிட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது என்று சேலம் கலெக்டர் தடை போட்டார். ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்துக்கொண்டிருந்த காலம். தொழில் பிறந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை, தொட்டிலிலேயே கழுத்தில் கை விழுந்தது. உற்பத்தியாளர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். சிவில் சப்ளைஸ் கமிஷனரிடம் முறையிட்டுத் தடையை நீக்கினார்கள். சேலத்து சேகோக்காரர்களுக்குச் சங்கம் என்பது லாபத்துக்கு முன்பே வந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தது. கடல் திறந்தது. பழைய சரக்கு மறுபடியும் வந்து இறங்கியது. வெள்ளையாக, ஒரே அளவாக, சேலத்து மணியைவிட மலிவாக. நான்கைந்து வயதுப் பிள்ளையைப் பயில்வானோடு கோதாவில் இறக்கிய கதை. சங்கத்தார் டெல்லிவரை போய் வாதாடினார்கள். நாற்பதுகளின் இறுதியில் இறக்குமதிக்குத் தடை வந்தது. ஐம்பதுகளில் மத்திய அரசின் பாதுகாப்பு வரிப் பட்டியலிலும் ஜவ்வரிசி இடம் பிடித்தது. இரும்பும் சர்க்கரையும் காகிதமும் இருந்த வரிசையில் பாயசச் சாமானும்.

இந்த வாதத்துக்கு ஜெர்மானியர் ஃபிரெடெரிக் லிஸ்ட் 1841-லேயே புத்தகம் எழுதியிருந்தார். குழந்தைத் தொழில் வளரும்வரை வேலி வேண்டும், தான் ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சுதந்திர வணிகம் பேசுகிறது இங்கிலாந்து என்பது அவர் குற்றச்சாட்டு. சேலத்துச் சங்கத்தார் லிஸ்டைப் படித்திருக்க வாய்ப்பில்லை. கையைச் சுட்டுக்கொண்டவனுக்கு நெருப்பைப் பற்றிப் புத்தகம் எதற்கு?

இன்னொரு வேடிக்கை. இந்திய அரசியலில் சுதந்திரச் சந்தைக்காக மிக உரக்கப் பேசியவர் இதே சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, 1917-ல் இதே ஊரின் நகராட்சித் தலைவரான ராஜாஜி. 1952-ல் சென்னை முதலமைச்சராக உணவுக் கட்டுப்பாட்டை ஒரே உத்தரவில் எடுத்தவர். 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி ‘பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்யம்’ என்று டெல்லியைச் சாடியவர். அவர் சாடிய அந்த ராஜ்யத்தின் நிழலில்தான் அவருடைய ஊர்த் தொழில் வேர் பிடித்தது. ராஜாஜி சொன்னதில் தவறில்லை. சேகோக்காரர்கள் கேட்டதிலும் தவறில்லை. உள்நாட்டில் கலெக்டர் தடையை எடுக்கச் சொன்ன அதே சங்கம்தான் துறைமுகத்தில் தடை போடச் சொன்னது. கொள்கையாகப் பார்த்தால் முரண். பிழைப்பாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கோரிக்கை.

வேலி இருந்ததால் மட்டும் தொழில் வளர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் ஜவ்வரிசி என்றால் பாயசம், வடகம், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி. வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு கிலோ செலவானால் அதிகம். சேலத்தை வாழவைத்தது மராட்டியரின் விரதம். ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி என்றால் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தானியம் தொடமாட்டார்கள். சாபுதானா கிச்சடி தொடுவார்கள். கிழங்கு தானியமல்ல என்ற ஒரு சாஸ்திர நுணுக்கத்தின்மேல் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் நூற்றுக்கணக்கான புகைபோக்கிகள் எழுந்தன. வெளியே கதவு சாத்தியிருந்தது, உள்ளே கன்னியாகுமரியிலிருந்து கல்கத்தாவரை ஒரே சந்தை. பெரிய நாட்டில் பிறந்த குழந்தைத் தொழிலுக்கு இருக்கும் வசதி அது. சின்னத் தீவு நாடு ஒன்றில் இதே வேலியைப் போட்டிருந்தால் உள்ளே வாங்க ஆள் இருந்திருக்காது.

சந்தை தூரத்தில் இருந்தால் தரகு பெருகும். மணி சேலத்தில், காசு பம்பாயில். சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்து நொடித்தவர்கள் உண்டு. 1981-ல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து கூட்டுறவு அமைத்தார்கள். அதுதான் சேகோசர்வ். ஆலைக்காரர் மூட்டையைக் கொண்டுவந்து இருப்பு வைப்பார். தரம் பார்ப்பார்கள். முன்பணம் உண்டு. வியாபாரிகள் டெண்டரில் விலை கேட்பார்கள். மூட்டை 90 கிலோ. இன்றைக்கும் ‘மூட்டை என்ன போச்சு?’ என்றுதான் சேலத்தில் விலை விசாரிப்பார்கள்.

நாம் இப்படி வேலிக்குள் இருந்த காலத்தில் தாய்லாந்து வேறு பாதையில் போனது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் உழவர்களைக் காக்கத் தானியத்துக்கு உயர்ந்த விலையும் கடுமையான இறக்குமதித் தீர்வையும் வைத்திருந்தது. மரவள்ளிக்கு மட்டும் வரி வெறும் 6 சதவீதம். யாரும் கவனிக்காத ஓட்டை. நெதர்லாந்துப் பன்றிப் பண்ணைக்காரர்கள் கவனித்தார்கள். விலை கூடிய கோதுமைக்குப் பதில் மரவள்ளித் தூளோடு சோயாவைக் கலந்து போட்டால் பன்றி வித்தியாசம் பார்க்காது. தாய்லாந்தின் வறண்ட வடகிழக்கு முழுவதும் மரவள்ளி ஆனது. கப்பல் கப்பலாக ராட்டர்டாம் போனது. ஐரோப்பிய உழவர்கள் கூச்சல் போட்டார்கள். 1982-ல் ‘ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் அனுப்பாதே’ என்று தாய்லாந்திடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். சுதந்திர வணிகம் என்று ஏழை நாடுகளுக்குப் பாடம் நடத்தும் வீடுகளில் ஒன்று செய்த காரியம் இது. தாய்லாந்துக்காரர்கள் அசரவில்லை. தூளை விட்டு ஸ்டார்ச்சுக்கு மாறினார்கள், பெரிய ஆலைகளைக் கட்டினார்கள். மரவள்ளிப் பொருள் ஏற்றுமதியில் இன்றைக்கு உலகில் முதலிடம் அவர்களுக்கு.

அந்த தாய்லாந்துதான் பிறகு நம் வாசலுக்கு வந்து நின்றது. 1991 ஜூலையில் டெல்லி கதவைத் திறக்கத் தொடங்கியது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு. 2001 ஏப்ரல் 1 அன்று, மீதமிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் போயின. 2010 ஜனவரி 1 முதல் ஆசியான் நாடுகளோடு தடையற்ற வணிக ஒப்பந்தம். அந்தப் பக்கம் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா. எல்லாம் மரவள்ளிப் புலிகள்.

சேலம் விழுந்துவிட்டதா? இல்லை. மணி தப்பித்தது. மராட்டிய அடுப்புக்கு ஏற்ற மணியை உருட்டும் பதம் சேலத்தில்தான் இருந்தது. அடி வாங்கியது ஸ்டார்ச். காகித ஆலைக்கும் பசை ஆலைக்கும் கிச்சடி ருசி தேவையில்லை. டன் விலையும் தரச் சான்றும்தான் கேள்வி. அதில் கப்பல் சரக்கோடு மல்லுக்கட்டுவது சின்ன ஆலைகளுக்குக் கடினம்.

இங்கே சேலத்தாரின் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது ஆண்டு வேலிக்குள் இருந்த தொழில் அந்த நாற்பது ஆண்டை எப்படிச் செலவழித்தது? வெள்ளை நிறத்துக்காக ரசாயனத்தில் வெளுத்தார்கள். மக்காச்சோள மாவு மலிவாகக் கிடைத்தபோது அதைக் கலந்தவர்கள் உண்டு. அதைக் கண்டித்து முதலில் தெருவுக்கு வந்தவர்கள் மரவள்ளி விவசாயிகள். கழிவுத் தண்ணீரை ஓடையில் விட்டார்கள். புளித்த கிழங்குப் பால் நாற்றம் எப்படி இருக்கும் என்று ஆலைக்குப் பக்கத்துக் கிணற்றுக்காரரைக் கேளுங்கள். பிறகு அதே கழிவில் எரிவாயு எடுக்கலாம் என்று கண்டு பல ஆலைகள் கலன் கட்டின. நல்லதுதான். அதையும் கெடுபிடி வந்த பிறகே செய்தார்கள்.

வேலியின் பலன் உழவனுக்கு எவ்வளவு போனது என்பது இதைவிடக் கசப்பான கேள்வி. மரவள்ளி விலை எடையில் மட்டும் நிற்பதில்லை, ‘பாயிண்ட்’டில் நிற்கிறது. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதன் அளவு அது. மாதிரிக் கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்ப்பார்கள். மாவு கூடுதலாக இருந்தால் தண்ணீருக்குள்ளும் கனக்கும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆலை வாசலில் நான் நின்றிருந்தபோது ஒரு விவசாயி டிராக்டரைவிட்டு இறங்காமலே கேட்டார்: ‘‘பாயிண்ட் என்னங்க வந்துச்சு?’’ உள்ளேயிருந்து ஓர் எண் வந்தது. அவர் எதுவும் பேசவில்லை, தலைத்துண்டை எடுத்து உதறித் திரும்பவும் கட்டிக்கொண்டார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கே போவது? பத்து மாதப் பயிருக்கு அந்த எண்தான் தீர்ப்பு. உலகச் சந்தை, பாதுகாப்பு வரி, ஆசியான் ஒப்பந்தம் எல்லாம் அவருக்கு அந்த வாசலில் ஓர் எண்ணாகத்தான் வந்து சேர்கின்றன. ஆலைக்காரர்களுக்குச் சங்கம் 1944-லேயே கிடைத்தது. எண்ணைச் சரிபார்க்க உழவனுக்கு ஒரு பொதுத் தராசு கிடைக்க இன்றுவரை போராட வேண்டியிருக்கிறது. என் கணக்கில் இந்தத் தொழிலின் பெரிய தோல்வி தாய்லாந்திடம் ஏற்பட்டதல்ல, இந்த வாசலில் ஏற்பட்டது.

சரக்குக்குக் கதவு சாத்தலாம். பூச்சிக்குச் சாத்த முடியாது. 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி வெகு சீக்கிரம் சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்தது. கிழங்கைப் போலவே அதுவும் தென்னமெரிக்காக்காரன். குருத்துகள் சுருண்டு கொத்துக்கொத்தாகக் குட்டையாகிவிட்டன. எழுபதுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை இதே பூச்சி சூறையாடியபோது, பராகுவேயில் ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விட்டு அங்கே அடக்கியிருந்தார்கள். அதற்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச் 7 அன்று சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். அதற்கு யாரும் வரி கேட்கவில்லை. உரிமைத் தொகையும் கேட்கவில்லை. ஏழை நாடு ஒன்று இன்னொரு ஏழை நாட்டிலிருந்து பெற்ற சரக்கு. வர்த்தகப் புள்ளிவிவரத்தில் இது எந்தத் தலைப்பிலும் வராது.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலாய்ப் பெயர், பிரேசில் கிழங்கு, பினாங்குப் பக்குவம், பம்பாய்ச் சந்தை. இத்தனையும் சேர்ந்த பிறகு சட்டப்படி அது சேலத்துப் பொருள்.

அடுத்த இதழில் சூரமங்கலத்திலிருந்து இரும்பாலைச் சாலையில் திரும்பி, மறுபடி கஞ்சமலை அடிவாரத்துக்குப் போகிறோம். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய உருக்காலையின் கதை. அதற்குமுன் ஒரு வேண்டுகோள். நாற்பதுகள், ஐம்பதுகளில் சேகோ மில் வைத்திருந்த குடும்பத்தார் யாரிடமாவது அந்நாளைய பில் புத்தகமோ, ரயில்வே ரசீதோ, வெங்கடாசலக் கவுண்டர் செய்த இயந்திரத்தின் புகைப்படமோ பரணில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

(தொடரும்)